ஒருக்கா மட்டும் கேட்டவர்

மனைப் பொருளியல் படிப்பிக்கிற ஒருவரின் கையில் ரோபோப் பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு ஒரே காரணம் அலுமாரி. கற்பிட்டிப் பக்கம் களப்பு நீரைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் பாடசாலையில், ஒழுங்காகப் பூட்டக்கூடிய அலுமாரி அவருடைய அறையில் மட்டும்தான் இருந்தது. என்னுடைய கணினி அறை அலுமாரியின் பூட்டை உப்புக்காற்று தின்று பல காலம். பெட்டி வந்த அன்று அதிபர், "டீச்சர், இது உங்கட அலுமாரிக்குள்ள இரிக்கட்டும்" என்றார். அடுத்த கிழமை பார்த்தால் ரோபோக் கழகத்தின் பொறுப்பாசிரியர்கள் என்று இரண்டு பெயர்கள் அறிவித்தல் பலகையில் இருந்தன. ஒன்று ஐ.சி.டி. ஆசிரியையான என்னுடையது. மற்றது அவருடையது.

வேறு யாராக இருந்தாலும் அதிபரிடம் போய்ச் சண்டை பிடித்திருப்பார்கள். அவர் பெட்டிக்குள் இருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கில எழுத்து. பூத்தையல் தைக்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதை வீட்டில் இருந்து வாசித்திருக்கிறார். மறுநாள், "நேத்து நாலு பக்கம் வாசிச்சேன். ரெண்டு பக்கம் விளங்கின. மத்த ரெண்டையும் நீங்க சொல்லித் தாங்க" என்றார். எனக்கு அந்த நாலு பக்கமும் விளங்கியிருக்கவில்லை. கணினியில் கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் பயிற்சி எடுத்து வந்தவள் நான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. "பாத்துச் சொல்றன் ராத்தா" என்றேன்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதனால் அக்கா முறையில் ராத்தா. அவருடைய பெயரை இங்கே எழுதினால், "அது எதுக்கு?" என்று கேட்பார். அதனால் எழுதவில்லை.

மதுரங்குளியிலிருந்து தினமும் வருவார். பாலாவிச் சந்தியில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். பஸ் பிந்தினால் நாங்களெல்லாம் சாரதியைத் திட்டுவோம். அவர், "நான் முந்தி வந்துட்டேன் போல" என்பார். பகிடிக்காகச் சொல்வது போல இருக்கும். ஆனால் கைப்பையைத் திறந்து, நேரத்தைத் தான் சரியாகத்தான் பார்த்தோமா என்று கைபேசியை எடுத்துப் பார்ப்பார். பார்த்து, தன்னில் பிழையில்லை என்று கண்ட பிறகுதான் பஸ்ஸைக் குறை சொல்வார்.

அதுதான் அவர். எது பிழைத்தாலும் தன்னிலிருந்துதான் தொடங்குவார். "எங்கட கையில இரிந்து பாத்துக்கிட்டுப் போவம்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. ஒருநாள் ஆசிரியர் அறைத் தேநீர் உப்புக் கரித்தது. சீனி டின்னுக்குள் யாரோ உப்பைக் கொட்டியிருந்தார்கள். எல்லோரும் சிற்றூழியரைப் பிடித்து ஏசத் தொடங்க, இவர் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். என்ன ராத்தா என்றேன். "காலைல என்ட வகுப்புக்கு உப்பு எடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து எங்க வெச்சேன் எண்டு நெனச்சிப் பாக்குறேன்." சரியாக ஞாபகம் வந்ததும் எழுந்து போய்த் தன் அறையில் உப்பு டின் இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து நேராகப் பிரதி அதிபரிடம் போனார். "சேர், நீங்கதான் நேத்து கடைசியா தேத்தண்ணி போட்டது. கடையில இரிந்து வந்த பைய நீங்களா கொட்டினீங்க?" பிரதி அதிபர்தான் கொட்டியிருந்தார்.

ஆகையால் தன்னைத்தானே நொந்துகொள்கிற சாதுவான மனுஷி என்று யாரும் நினைக்கக் கூடாது. தன்னைச் சோதித்து முடித்துவிட்டால், அடுத்து நிற்கிற ஆளிடம் கூச்சமே இல்லாமல் போய்க் கேட்பார். ஒருமுறை கேட்பார். அந்த ஆள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார். திரும்பத் துருவமாட்டார். "மனுசன் வாயத் தொறந்து சொன்னா நம்பத்தானே வேணும். வயர்தான் பொய் சொல்லாது எண்டு இல்ல, மனுசனும்தான்" என்பார்.

அந்தக் குணத்தால் வீட்டிலும் சில்லறைக் கரைச்சல்கள் இருந்தன. அவருடைய கணவர் முந்தலில் ஒரு இறால் பண்ணையில் மேற்பார்வை வேலை. ஒருநாள் ஒரு குளத்து இறால் முழுதும் மிதந்துவிட்டதாம். தீனி விற்றவனைத் திட்டிக்கொண்டு மனுஷன் வீட்டுக்கு வந்திருக்கிறார். இவர் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "காலைல தண்ணிய எத்தின மணிக்குப் போய்ப் பாத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். "நாலு நாளு எனக்கிட்ட கதைக்கல்ல" என்று சிரித்தபடி சொன்னார். "அஞ்சாவது நாளு, பிந்தித்தான் போனேன் எண்டு சொன்னார். அதுக்குப் பொறகு நல்லாக் கதைச்சார்."

ரோபோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தட்டு. இரண்டு மோட்டர், இரண்டு மஞ்சள் சக்கரம், நாலு பெட்டரி வைக்கிற கூடு. முன்னால் இரண்டு கண் மாதிரி ஒரு சென்சர். அது சத்தத்தை அனுப்பி, எதிரில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் தடை இருக்கிறதா என்று அறியும். அடியில் இன்னும் இரண்டு சின்னச் சென்சர். அவை தரையைப் பார்க்கும். வெள்ளைத் தரையென்றால் அவற்றின் மேல் ஒரு பொட்டு வெளிச்சம் எரியும். கறுப்பு டேப் வந்தால் அணையும். அதை வைத்துத்தான் வண்டி கறுப்புக் கோட்டின் மேல் வளைந்து வளைந்து போகும். அந்த இரண்டுக்கும் எவ்வளவு கூர்மையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, நெல்மணி அளவில் ஒவ்வொரு ஸ்க்ரூ இருந்தது.

கல்வி வலயக் கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வண்டி நன்றாகவே ஓடியது. தரம் ஒன்பது பிள்ளைகள் ஆறு பேர் ஓட்டிப் பழகினார்கள். அதில் நுஸ்ரா என்று ஒரு பிள்ளை. குறிஞ்சிப்பிட்டியில் இருந்து வருபவள். அதிகம் கதைக்கமாட்டாள். மற்றவர்கள் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்க, அவள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். அவளுடைய முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதை நான் கவனித்தும் இருந்தேன், ஒன்றும் செய்யாமலும் இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, வண்டியை வைத்துப் பூட்டுகிற வேலை நுஸ்ராவுக்கு வந்தது. அவள் வெறும் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வண்டியைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடிய வந்து, ராத்தா அலுமாரியைத் திறந்த நேரம் பார்த்துத் திரும்ப வைத்தும்விட்டாள். ஒரு கூட்டாளிப் பிள்ளைக்கு மட்டும்தான் அது தெரியும்.

அதே வெள்ளிக்கிழமை நடந்த இன்னொன்று ஒருவருக்கும் தெரியாது. ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டுவிட்டது. நான் ராத்தாவிடம் சாவியை வாங்கினேன். கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருந்தேன். சென்சரின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி இன்னும் வேகமாகக் கோட்டைப் பிடிக்கும் என்று அதில் ஒருவர் சொன்னார். கண்காட்சியில் எங்கள் வண்டி மற்றப் பாடசாலைகளின் வண்டியைவிட வேகமாக ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. ராத்தாவுக்குத் தெரியாததைச் செய்துகாட்ட வேண்டும் என்றும் ஆசை. திருப்பினேன். வண்டி கோட்டை விட்டு ஓடியது. மற்றப் பக்கம் திருப்பினேன். நின்ற இடத்தில் சுற்றியது. முதலில் எந்த இடத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அரை மணித்தியாலம் போராடிவிட்டு, அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வண்டியை விட்டதும், அது கோட்டின் மேல் நின்று வட்டம் போட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அந்தக் கூட்டாளிப் பிள்ளை சொன்னாள். "டீச்சர், நுஸ்ரா இத வீட்ட கொண்டு போன."

எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்தது. மூச்சு வந்தது போல இருந்தது. அந்த ஆறுதலின் வேகத்தில்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். "யாரைக் கேட்டுக் கொண்டு போன? பாடசாலைச் சாமான் உங்கட வீட்டுச் சாமானா? இப்ப பாரு, பழுதாக்கி வெச்சிரிக்கிற!"

நுஸ்ரா, "சீமெந்துத் தரையில ஓட்டினது மட்டும்தான் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று பின்னேரமே அவளுடைய உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் பாடசாலைச் சாமானைக் கொண்டு போய்ப் பழுதாக்கிவிட்டாள் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை நுஸ்ரா பாடசாலைக்கு வரவில்லை.

ராத்தா திங்கட்கிழமை மத்தியானமே கதிரையை இழுத்துப் போட்டு வண்டியின் முன்னால் இருந்துவிட்டார். "பழுதெண்டு எப்பிடிச் சொல்றது? அது என்னத்தக் காணுது எண்டு முதல்ல பாப்பம். எங்கட கையில இரிந்து பாத்துக்கிட்டுப் போவம்."

முதலில் அவருடைய கை. அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போட்டிருந்தார், அதன் ஆவி சென்சரில் படிந்ததோ என்று பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பாதை ஒட்டியிருந்த பலகையைத் தான் பினைல் போட்டுத் துடைத்தது ஞாபகம் வந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம நீங்க சாவி வாங்கினீங்களே. ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல ராத்தா. சாமான் எல்லாம் சரியா இரிக்கா எண்டு எண்ணிப் பாத்துட்டு மூடிட்டன்."

"சரி" என்றார். காகிதத்தில் என்னவோ எழுதி, அதன் மேல் ஒரு கோடு போட்டார். என்னைச் சந்தேகப் பட்டியலில் இருந்து வெட்டுகிற கோடு அது.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை மாற்றினால் எது சரிக்கட்டியது என்று தெரியாமல் போய்விடும் என்பார். திங்கட்கிழமை பெட்டரி. அறைச் சுவர் மணிக்கூட்டில் இருந்தவற்றையும் கழற்றிப் போட்டுப் பார்த்தார். வட்டம்தான் போட்டது. செவ்வாய்க்கிழமை பினைல் பட்ட பலகையை ஒதுக்கி, புதிய பிரிஸ்டல் போட் அட்டை வாங்கி வந்து புதிதாக டேப் ஒட்டினார். வட்டம்தான். புதன்கிழமை வெயில். களப்புப் பக்க ஜன்னலால் வருகிற வெளிச்சம் தரையில் பட்டால் சென்சருக்குக் கண் கூசும் என்று பிரசுரத்தில் இருந்ததாம். மேசை விரிப்புகளை எடுத்து ஜன்னல்களை மூடினார். இருட்டுக்குள் இருவரும் வியர்த்துக்கொண்டு பார்த்தோம். கைபேசிக் கமராவைச் சென்சருக்கு நேரே பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத அதன் வெளிச்சம் திரையில் ஊதாப் புள்ளியாகத் தெரிந்தது. "உசிரோட இரிக்கு" என்று சந்தோசப்பட்டார். பிறகு இடது வயரை வலதுக்கும் வலது வயரை இடதுக்கும் மாற்றினார். கோளாறும் சென்சரோடேயே இடம் மாறியது. "வயர் பாவம். அதில ஒண்டுமில்ல."

அந்த மூன்று நாளும் வகுப்பு முடிந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் திங்கட்கிழமையே முடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு வாய் எடுத்தேன். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள், நேற்றே சொல்லவில்லையே என்ற வெட்கமும் அதோடு சேர்ந்தது. மூன்றாம் நாள் அது தூக்கவே முடியாத பாரமாகிவிட்டது.

வியாழக்கிழமை அவர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பூத்தையல் கண்ணாடியை எடுத்தார். பெட்டி வந்த முதல் நாளே, துணிக்குப் பூசுகிற வெள்ளைச் சாயத்தால் அவர் எல்லா இடத்திலும் அடையாளம் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எந்த வயர் எதோடு சேரும் என்று ஒவ்வொரு புள்ளி. ஸ்க்ரூவிலும், அது நின்ற இடத்துக்கு நேரே பக்கத்திலும் ஒவ்வொரு புள்ளி. இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு சென்சரிலும் அவை வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று நினைத்து அந்த இடத்தைக் கடைசிக்கு விட்டிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால் புள்ளியைப் புள்ளிக்கு நேரே கொண்டுவந்து, வண்டியைக் கோட்டில் வைத்தார். அது தன் பாட்டில் வளைந்து வளைந்து போனது.

"நுஸ்ரா வீட்டுல இப்பிடிச் சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் இரிக்குமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதா தனக்குள் கேட்டுக்கொண்டதா தெரியாது. "இரிக்காது. வாங்க, அந்தப் புள்ளட வீட்ட போவம்."

ஆட்டோவில் போனோம். வழி நெடுக மணல் காணி, அதில் வெங்காயம், மிளகாய். நுஸ்ராவின் உம்மா முன் விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். நுஸ்ரா கதவுக்குப் பின்னால் நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நானும் மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முதல் ராத்தா கதைத்தார்.

"உம்மா, உங்கட மகள் ஒண்டும் பழுதாக்கல்ல. வண்டியில பழுதே இல்ல. எங்கட பிழ. நாங்க சரியாப் பாக்காம ஏசிட்டம். மன்னிச்சிக்கொள்ளுங்க."

எங்கட. அந்த ஒரு சொல்லுக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன். நுஸ்ராவின் உம்மா, "உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர்" என்று சொல்லித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

நுஸ்ரா அடுத்த நாள் பாடசாலைக்கு வந்தாள். கழகத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்றாள்.

கண்காட்சியில் வண்டி நன்றாக ஓடியது. ஒரே ஒரு இடத்தில் மானம் போனது. தடையாக வைத்த காகித மட்டைச் சுவருக்கு முன்னால் ஒழுங்காக நின்ற வண்டி, பிரதம விருந்தினராக வந்த பெண்மணியின் சாரிக் கொசுவத்துக்குள் நேரே போய்ப் புகுந்துவிட்டது. எல்லோரும் சிரிக்க, ராத்தா குனிந்து வண்டியை எடுத்தார். "என்ட பிழ மெடம். நான் மரத்திலயும் மட்டையிலயும்தான் சோதிச்ச. துணி சத்தத்தக் குடிச்சிப்போடும், திருப்பி அனுப்பாது. துணி படிப்பிக்கிற எனக்கே அது விளங்கல்ல." அந்த அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. எங்கள் மேசையில் வெகு நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்து சாப்பிட்டோம். என் தங்கச்சியின் கலியாணத்துக்கு அவர்தான் சட்டை தைத்தார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு சாடை, ஒரு குத்தல், ஒரு பார்வை கிடையாது. அவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். சில நாட்களில், தெரியும் என்று பயந்தேன். அவர் அன்பாகக் கதைக்கிற நேரங்களில்தான் அந்தப் பயம் கூடுதலாக வந்தது.

பிறகு அவருக்கு மதுரங்குளிக்கே இடமாற்றம் கிடைத்தது. கடைசி நாள் அவருடைய சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பாலாவிச் சந்தி வரை போனேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது சொல்லிவிட்டேன்.

"ராத்தா, அண்டைக்கு அந்த ஸ்க்ரூவத் திருப்பினது நான்தான்."

"ஓம்" என்றார்.

"தெரியுமா?"

"அந்த வியாழக்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லையே என்கிற ஆச்சரியம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"கேட்டேனே" என்றார். "ஒருக்கா."

பஸ் வந்துவிட்டது. பெட்டியை நான் ஏற்றிவிட்டேன். அவர் ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். "எனக்கிட்டச் சொல்லிட்டீங்க. அது நல்லம். ஆனா அந்தப் புள்ளட காதுக்கு நீங்க இன்னும் சொல்லல்ல."

நுஸ்ரா அப்போது தரம் பதினொன்றில் இருந்தாள். ஓ.எல். பரீட்சை எழுத ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காணொளி, சாவி, பொய், எல்லாம். அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்ட வந்து எங்கட பிழ எண்டு சொன்னது, பாவம் பாத்துச் சொன்னது எண்டு நெனச்சேன் டீச்சர். நான்தான் பழுதாக்கின எண்டு நெனச்சிக்கிட்டே இரிந்தேன். எப்பிடிப் பழுதாக்கின எண்டுதான் விளங்கல்ல."

அன்று பின்னேரம் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப நானும் பிழதான் செஞ்சிரிக்கேன்" என்றார். "உங்கட மானத்தக் காப்பாத்துறதுக்கு எங்கட எண்டு சொன்னேன். அது அந்தப் புள்ளைக்குப் போய்ச் சேரல்ல. நான் அதச் சோதிச்சே பாக்கல்ல. போய்ச் சேந்திரிக்கும் எண்டு நானே நெனச்சிக்கிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை அவர் பஸ் ஏறி வந்தார். திரும்பவும் ஆட்டோ, அதே மணல் பாதை. நுஸ்ராவின் உம்மாவுக்கு எங்களைக் கண்டதும் பதற்றம். மகள் இன்னும் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். இந்தமுறை ராத்தா கதைக்கவில்லை. கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எங்கட என்று சொல்லவில்லை. என்ட என்று சொன்னேன். நான் முடித்த பிறகு ராத்தா, "இவவ மறைச்சிக் கதைச்சது நான். அது என்ட பிழ" என்று தன் பங்கை வைத்தார்.

அந்த உம்மா பெரிய மனசு என்று இந்தமுறை சொல்லவில்லை.

"ரெண்டு வருசமாகப் போகுது டீச்சர்" என்றார். "நீங்க போன்ல சொன்ன அண்டைக்கு இவள நான் அடிச்சேன். அதுக்குப் பொறகு ஒரு சாமானத் தொட விட்டதில்ல. வாப்பாட போனத் தொடப்படாது. தைக்கிற மெசின்ல கை வைக்கப்படாது. கைப்பட்டா பழுதாக்கிப்போடுவா எண்டு ஊருக்கெல்லாம் நானே சொன்னேன்."

ராத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறுதல் வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் ஒரு பிழையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் விட்டதை அன்றுதான் கண்டேன். அது அந்த உம்மாவின் பிழை. அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நுஸ்ரா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமலே கதைத்தார்.

"தண்ணி மெசின் நேத்தையில இரிந்து ஓடுது, ஆனா தண்ணி இழுக்குதில்ல. வாப்பா ஆள் கூட்டிவரப் போயிரிக்கார். நீ போய் என்னண்டு பாரு."

நுஸ்ரா அசையவில்லை. தனக்குத்தான் சொன்னதா என்று பார்த்தாள்.

"உனக்குத்தான். போ."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெங்காயப் பாத்தி வரம்பால் போனாள். ராத்தா கதிரையில் இருந்து பாதி எழுந்தார். பிறகு திரும்ப இருந்துகொண்டார். தூரத்தில் மெசினைப் போடுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது.

நுஸ்ரா திரும்பி வந்தபோது முழங்கை வரை சேறு.

"மெசின்ல ஒண்டுமில்ல உம்மா. கிணத்துக்குள்ள போற குழாயிலதான் எங்கயோ காத்து இழுக்குது. எந்த இடம் எண்டு இன்னும் பாக்கணும்."

சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் நிற்காமல் திரும்பிப் போனாள்.